லீக் காசு விதை நெல்லு. அதை நம்பி இ.எம்.ஐ. போடாதீங்க!



போன வாரம் சேனல்ல வீடியோ வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒரு குடும்பத்தோட கணக்கு என் மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருந்தது. அதை வீடியோவா போட்டா அவசரத்துல எதையாவது விட்டுடுவேன்னு தோணுச்சு. அதனால எழுதிடறேன். யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

திருமுல்லைவாயில்ல சி.டி.எச். ரோட்டை ஒட்டி மாடியில இருக்கு என் ஆபீஸ். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் ஒரு அப்பாவும் பையனும் வந்தாங்க. அப்பா ஆவடியில டிஃபென்ஸ் ஃபேக்டரியில வேலை, குவார்ட்டர்ஸ்ல வீடு, ரிட்டையர்மென்ட்டுக்கு இன்னும் மூணு வருஷம். பையனுக்கு 22 வயசு, ஹாக்கி பிளேயர்.

அப்பா பையில இருந்து மூணு பேப்பர் எடுத்து மேஜை மேல வெச்சார்.

ஒண்ணு, ரயில்வேயில ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வந்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். ரெண்டாவது, ஒரு லீக் டீமோட ஒரு சீசன் கான்ட்ராக்ட், 5 லட்சம் ரூபாய். மூணாவது, பக்கத்துல கட்டிட்டு இருக்கிற ஒரு ஃபிளாட்டோட பிரோஷர்.

"மேடம், இவன் வேலைக்குப் போனா வெளியூர் போஸ்டிங். ஆட்டம் போயிடும்னு சொல்றான். லீக் காசு வருஷா வருஷம் ஏறும், அதை வெச்சு ஃபிளாட்டுக்கு லோன் போட்டுடலாம்னு பார்க்கறோம். 40 லட்சம் லோன். நீங்க ஐ.டி. ரிட்டர்ன் மட்டும் சரியா போட்டுக் குடுங்க."

அவரைப் பேராசைக்காரர்னு நினைச்சுடாதீங்க. ரிட்டையர் ஆனா குவார்ட்டர்ஸை காலி பண்ணணும். முப்பது வருஷமா குடியிருந்த வீடு. அடுத்து எங்க போறதுன்னு அவருக்குத் தூக்கம் வரல. அவ்ளோதான்.

நான் ரிட்டர்ன் போடறதைப் பத்திப் பேசல. பையன்கிட்ட, "தம்பி, தன்ராஜ் பிள்ளையைத் தெரியுமா?"ன்னு கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்னக்கா இப்படிக் கேக்கறீங்க!"

தெரியாத வாசகர்களுக்காகச் சொல்றேன். தன்ராஜ் பிள்ளை தமிழ்க் குடும்பம். 1968-ல புனே பக்கம் கிர்க்கியில பிறந்தவர். அப்பா அங்க இருந்த ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில கிரவுண்ட்ஸ்மேன். ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்லதான் வளர்ந்தார். உடைஞ்ச ஸ்டிக்கை ஒட்டி, மத்தவங்க தூக்கிப் போட்ட பந்துல ஆடிப் பழகினவர். நம்ம ஆவடி குவார்ட்டர்ஸ்ல இன்னைக்கு ஒரு பையன் ஆடறானே, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு வீடு.

1989-ல இந்திய டீமுக்குள்ள வந்தார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் வரைக்கும் ஆடினார். 339 சர்வதேச மேட்ச். நாலு ஒலிம்பிக்ஸ், நாலு உலகக் கோப்பை, நாலு ஏஷியன் கேம்ஸ். 1998 பாங்காக் ஏஷியன் கேம்ஸ்ல அவர் கேப்டன். 1966-க்கு அப்புறம் 32 வருஷம் கழிச்சு அங்கதான் இந்தியாவுக்குத் தங்கம் கிடைச்சது.

அடுத்து என்ன நடந்தது தெரியுமா? தங்கம் ஜெயிச்ச கையோட அவரையும் இன்னும் ஆறு சீனியர்களையும் டீம்ல இருந்து எடுத்துட்டாங்க. வெளிய சொன்ன காரணம் 'ஓய்வு'. மேட்ச் ஃபீஸ், வசதிகள் பத்தி நிர்வாகத்துக்கிட்ட குரல் குடுத்ததுதான் காரணம்னு அன்னைக்குப் பரவலா பேசிக்கிட்டாங்க. எது உண்மையா இருந்தாலும், ஒரு பிளேயரோட வருமானம் அவர் ஆட்டத்தை மட்டும் நம்பி இல்லைங்கிறது இதுல தெரியுது. நாட்டுக்கே கேப்டனா இருந்தாலும், அடுத்த டூருக்கு நீங்க இருப்பீங்களா மாட்டீங்களான்னு முடிவு பண்றது வேற யாரோ.

இப்போ அவரோட வருமானப் பக்கத்தைப் பாருங்க. முதல்ல மஹிந்திரா டீம், அப்புறம் இந்தியன் ஏர்லைன்ஸ். அது பின்னாடி ஏர் இந்தியாவோட சேர்ந்தது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் லண்டன் இந்தியன் ஜிம்கானா, பிரான்ஸ்ல லியோன், ஜெர்மனியில ஸ்டுட்கார்ட், மலேசியா, டாக்காவுல அபஹானின்னு வெளிநாட்டு கிளப்புகள். சம்பளம் ஒரு பக்கம், கிளப் காசு ஒரு பக்கம். ரெண்டு காலும் தரையில.

ஒரு சி.ஏ.வா எனக்கு அவர் கோலை விட இந்த ஏற்பாடுதான் கண்ணுல படுது. டீம்ல இருந்து எடுத்தாங்க. ஆனா வேலையில இருந்து எடுக்கல.

இது அவர் ஒருத்தர் கதை இல்லைங்க. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துல எம்.சி.சி.-முருகப்பா கோல்டு கப் நடக்கும்போது போய்ப் பாருங்க. முருகப்பான்னா நம்ம அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள், ஆவடி டியூப் புராடக்ட்ஸ் அதே குரூப்தான். ஸ்கோர்போர்டுல டீம் பேரைப் படிங்க. இந்தியன் ரயில்வேஸ், இந்தியன் ஆயில், பஞ்சாப் நேஷனல் பேங்க், ஆர்மி... கவனிச்சீங்களா? பாதிக்கு மேல கிளப் பேரே இல்ல, சம்பளம் குடுக்கிற முதலாளி பேரு. நம்ம நாட்டு ஹாக்கியைப் பல வருஷமா தாங்கிப் பிடிச்சது அந்த மாசச் சம்பளம்தான்.

"அக்கா, அது அந்தக் காலம். இப்போ லீக் வந்துடுச்சுல்ல"ன்னான் பையன்.

நியாயமான கேள்விதான். 2024 அக்டோபர் ஏலத்துல ஹர்மன்பிரீத் சிங்குக்கு 78 லட்சம் போச்சு. அபிஷேக்குக்கு 72 லட்சம், ஹர்திக் சிங்குக்கு 70 லட்சம். கேட்க நல்லா இருக்கு. ஆனா அதே ஏலத்துல அடிப்படை விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம்னுதான் ஆரம்பிச்சது. செய்தியில வர்றது மேல இருக்கிற மூணு பேர். கீழ இருக்கிறவங்க 2 லட்சத்துலயும் 5 லட்சத்துலயும் நிப்பாங்க.

தொகையை விடுங்க. லீக் நடக்குதாங்கிறதே பெரிய கேள்வி. ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினேன்.

பிரீமியர் ஹாக்கி லீக்: 2005-ல ஆரம்பிச்சு 2008-ல முடிஞ்சது.
வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி: 2012, ஒரே ஒரு சீசன்.
ஹாக்கி இந்தியா லீக்: 2013-ல ஆரம்பிச்சு 2017-ல நின்னுச்சு. மறுபடியும் வந்தது 2024 டிசம்பர் கடைசியில.

அந்தக் கடைசி நாலு நாளை அடுத்த வருஷக் கணக்குல வெச்சுப் பார்த்தா, 2005-ல இருந்து 2024 வரைக்கும் 20 வருஷத்துல லீக் நடந்தது பத்தே வருஷம். 2017-ல 22 வயசுல இருந்த ஒரு பையனுக்கு அடுத்த சீசன் வரும்போது 29 வயசு ஆயிடுச்சு. அந்த ஏழு வருஷம் அவனுக்கு யார் இ.எம்.ஐ. கட்டுவாங்க?

பணக்கார லீக்னா நிக்காதுன்னு நினைக்காதீங்க. அமெரிக்கா, கனடாவுல ஐஸ் ஹாக்கின்னா உயிர். அங்க என்.எச்.எல்.னு ஒரு லீக், நம்ம ஐ.பி.எல். மாதிரி காசு புழங்குற இடம். முதலாளிகளுக்கும் பிளேயர்களுக்கும் சம்பளத் தகராறு வந்து 2004-05 சீசன் முழுசையும் ரத்து பண்ணிட்டாங்க. ஒரு மேட்ச் கூட நடக்கல.

அந்த ஐஸ் ஹாக்கியில இருந்தே இன்னொரு கதை சொல்றேன். இதைத்தான் அன்னைக்கு அப்பா முன்னாடி சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். சொல்லிட்டேன்.

ஜாக் ஜான்சன்னு ஒரு டிஃபென்ஸ் பிளேயர். 2005 டிராஃப்ட்ல மூணாவது ஆளா எடுத்தாங்க. அந்த வருஷம் வந்த பசங்கள்ல அவ்ளோ டிமாண்ட். 2011 ஜனவரியில லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் டீமோட ஏழு வருஷக் கான்ட்ராக்ட் போட்டார். 3 கோடியே 5 லட்சம் டாலர். அன்னைக்கு மதிப்புல கிட்டத்தட்ட 140 கோடி ரூபாய்.

2014 அக்டோபர்ல அவர் திவால் மனு போட்டார். 27 வயசு. அதுவரைக்கும் 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல சம்பாதிச்சிருந்தார். மனுவுல காட்டின சொத்து 50,000 டாலருக்கும் கீழ. கடன் 1 கோடி டாலருக்கும் மேல!

குடிச்சாரா? சூதாடினாரா? ரெண்டும் இல்லைங்க. பணத்தைப் பார்த்துக்கச் சொல்லி அம்மாவுக்குப் பவர் ஆஃப் அட்டர்னி குடுத்திருந்தார். பெற்றோர் அவர் பேர்ல, அவரோட வரப்போற சம்பளத்தை நம்பி, அதிக வட்டிக்குக் கடன் மேல கடன் வாங்கினாங்க. வீடு, கார், பயணம்னு போச்சு. அதுக்கப்புறம் சில வருஷம் சம்பளத்துல பெரும்பகுதி கடன்காரங்களுக்கே போச்சு. 2022-ல கொலராடோ டீமோட ஸ்டான்லி கப் ஜெயிச்சார், அது வேற விஷயம்.

ரூம்ல கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான். அப்பா முகம் சுருங்கிடுச்சு.

"மேடம், நான் அந்த மாதிரி அப்பன் இல்ல."

"தெரியும்ணா. ஆனா லோன் குடுக்கிற பேங்குக்கு நல்ல அப்பா, கெட்ட அப்பான்னு வித்தியாசம் தெரியாது. இன்னும் வராத காசை நம்பி கடன் வாங்கினா, வாங்கினவர் மனசு எப்படி இருந்தாலும் கட்டப்போறது தம்பிதான்."

பெத்தவங்களைக் குத்தம் சொல்றது என் நோக்கம் இல்ல. நம்ம வீடுகள்ல பிள்ளை சம்பாதிக்க ஆரம்பிச்சதும் "அப்பாவே பார்த்துக்குவார்"னு ஏ.டி.எம். கார்டையும் செக் புக்கையும் குடுத்துடறது சர்வ சாதாரணம். அது பாசம். ஆனா அங்கயும் அது பாசத்துலதான் ஆரம்பிச்சது.

சரி, நம்ம கணக்குக்கு வருவோம்.

40 லட்சம் லோன், 8.5% வட்டி, 20 வருஷம். இ.எம்.ஐ. 34,713 ரூபாய். வருஷத்துக்கு 4,16,556. மொத்தம் கட்டி முடிக்கும்போது 83 லட்சத்தைத் தாண்டும்.

ரயில்வே வேலை லெவல் 2. பேசிக் 19,900. டி.ஏ., எச்.ஆர்.ஏ. எல்லாம் சேர்த்து கையில முப்பத்தி சொச்சம் ஆயிரம். மொத்தச் சம்பளமும் இந்த இ.எம்.ஐ.க்கே போயிடும். வேலையே வேண்டாம்னுட்டா, லீக் காசு 5 லட்சத்துல இ.எம்.ஐ. போக மிச்சம் எண்பது சொச்சம் ஆயிரம். அதை வெச்சு ஒரு வருஷம் சாப்பிடணும்.

லோன் முடியும்போது பையனுக்கு 42 வயசு. தன்ராஜ் பிள்ளை கடைசியா இந்தியாவுக்கு ஆடினப்ப அவருக்கு 36. அவ்ளோ ஃபிட்னெஸ் வெச்சிருந்த ஆளுக்கே 36!

இந்த மாதிரி விஷயத்துக்கு நம்ம பெரியவங்க ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க. விதை நெல்லு. எவ்ளோ பசிச்சாலும் விதை நெல்லைக் குத்தித் திங்கக்கூடாதும்பாங்க. லீக் காசு அந்த ரகம். மாசச் சம்பளம் சாப்பிடற நெல்லு. இ.எம்.ஐ., வாடகை, மளிகை எல்லாம் அதுல இருந்துதான் போகணும். லீக் காசைத் தனி அக்கவுன்ட்ல போட்டு முளைக்க விடணும்.

முளைச்சா எவ்ளோ வரும்? 5 லட்சத்துல 1 லட்சத்தைச் செலவுக்கு எடுத்துக்கட்டும். வருஷம் 4 லட்சம், அஞ்சே சீசன், 7% வருமானம்னு வெச்சுக்குவோம். அஞ்சாவது வருஷக் கடைசியில 23 லட்சம் கையில இருக்கும். பையனுக்கு அப்போ 27 வயசு, கடன் கிடையாது. ரெண்டே சீசன்ல லீக் நின்னுட்டாலும் 8 லட்சத்துக்கு மேல இருக்கும். ஃபிளாட் வாங்கியிருந்து ரெண்டு சீசன்ல லீக் நின்னா? இன்னும் 18 வருஷ இ.எம்.ஐ. பாக்கி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

வேலையை விடறதைப் பத்தி ஒரு சின்னக் கணக்கு. பேசிக் 19,900-ஐ மட்டும், ஒரு பைசா ஏத்தாம, 22-ல இருந்து 60 வயசு வரைக்கும் 38 வருஷம் கூட்டினா 90 லட்சத்து 74 ஆயிரம். ஏலத்துல நம்பர் 1 ஆளுக்குக் கிடைச்ச ஒரு சீசன் தொகையை விட அதிகம். இருபது வருஷம் கழிச்சு வர்ற ரூபாய்க்கு இன்னைக்கு மதிப்பு கம்மிதானேன்னு நீங்க கேட்பீங்க. சரிதான். ஆனா நான் இன்னும் வருஷா வருஷம் 3% இன்கிரிமென்ட்டைச் சேர்க்கல, டி.ஏ.வைச் சேர்க்கல. என்.பி.எஸ்.ல அரசு போடற 14%-ஐயும் சேர்க்கல. இதோட, முட்டி போயிட்டாலும் அந்தச் சம்பளம் நிக்காது.

"வேலைக்குப் போனா ஆட்டம் போயிடுமேக்கா?"

ரயில்வேஸ் டீம்ல ஆடற பசங்ககிட்ட கேட்டுப் பாரு தம்பின்னேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எடுக்கிறதே ஆடறதுக்குத்தான். லீக்ல ஆடணும்னா டிபார்ட்மென்ட்ல என்.ஓ.சி. வாங்கணும், அதை ஜாயின் பண்ணும்போதே எழுத்துல கேட்டுத் தெரிஞ்சுக்கோ. வெளியூர் போஸ்டிங் கஷ்டம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா 22 வயசுல அந்தக் கஷ்டத்தைத் தாங்கலாம். 42-ல தாங்க முடியாது.

இந்த இடத்துல எனக்கு ஒரு கோபமும் இருக்கு. எல்லாருக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்காது. கிடைக்காத பசங்களுக்கு லீக் மட்டும்தான். லீக் அவங்களை ஊழியரா பார்க்கிறதில்ல, புரொஃபஷனலா பார்க்குது. அதனால பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. ஒரு சின்னக் கம்பெனியில 15,000 சம்பளம் வாங்கற பையனுக்கு இருக்கிற பி.எஃப்., டி.வி.யில முகம் தெரியிற பிளேயருக்கு இல்ல. கான்ட்ராக்ட் தொகையில ஒரு பங்கைக் கட்டாயமா பிடிச்சு, டீமும் தன் பங்குக்குப் போட்டு, 35 வயசுக்கு அப்புறம் குடுக்கிற மாதிரி ஒரு நிதி வேணும். ஏலத்துக்கு விலை வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது பெரிய வேலை இல்ல.

உங்க வீட்டுலயும் ஒரு பிளேயர் இருந்தா, இதெல்லாம் குறிச்சு வெச்சுக்கோங்க:

1. லீக் காசுல 194ஜே-யில 10% டி.டி.எஸ். பிடிப்பாங்க. 5 லட்சத்துக்கு 50,000. இந்தப் பையனுக்குச் சம்பளமும் லீக்கும் சேர்த்தே 12 லட்சத்துக்குள்ளதான். 2025-26 நிதியாண்டு புது வரி முறையில வரி வராது. ரிட்டர்ன் போட்டா அந்த 50,000 திரும்ப வரும். போடலைன்னா வராது.

2. "194ஜே-ன்னா 44ஏ.டி.ஏ.வுல பாதி வருமானம் காட்டினா போதும்"னு சிலர் சொல்வாங்க. நம்பாதீங்க. 194ஜே-க்கு விளையாட்டு வீரர்களைச் சேர்த்திருக்காங்க, ஆனா 44ஏ.டி.ஏ. பட்டியல்ல அவங்க இல்ல. ஸ்டிக், ஷூ, பிசியோ, பயணம் எல்லா பில்லையும் பத்திரமா வையுங்க.

3. ஒலிம்பிக்ஸ், ஏஷியன் கேம்ஸ், காமன்வெல்த் மெடலுக்கு அரசாங்கம் குடுக்கிற பரிசுப் பணத்துக்கு வரி விலக்கு உண்டு. லீக் காசுக்குக் கிடையாது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

4. விபத்துக் காப்பீடும் மெடிக்கல் இன்சூரன்ஸும் முதல் சீசன் காசுலயே எடுங்க. பாலிசியில தொழில்முறை விளையாட்டுக்கு விலக்கு போட்டிருக்கான்னு படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

5. அக்கவுன்ட் பிள்ளை பேர்ல, பாஸ்வேர்டு பிள்ளை கையில. அப்பா அம்மாவுக்கு மாசம் இவ்வளவுன்னு தாராளமா அனுப்பட்டும். பவர் மட்டும் எழுதிக் குடுக்க வேண்டாம்.

அப்போ அந்த அப்பாவோட வீடு? அதைத்தான் அவரும் கடைசியா கேட்டார். சம்பளத்துல மூணுல ஒரு பங்கு, அதாவது பதினோராயிரத்துக்கு மேல இ.எம்.ஐ. போகக்கூடாதுன்னு வெச்சா, 12-13 லட்சம் லோன்தான் வரும். அதோட அவரோட ரிட்டையர்மென்ட் பணத்துல ஒரு பகுதி. திருமுல்லைவாயில்ல அந்த ஃபிளாட் கிடைக்காது. பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் சின்னதா பார்க்கலாம். இல்லைன்னா ரெண்டு வருஷம் அன்னனூர் பக்கம் வாடகைக்கு இருந்துட்டு, பையனோட விதை நெல்லு முளைச்சதும் பார்க்கலாம். அவர் எதிர்பார்த்த பதில் இது இல்ல. எனக்கும் சொல்ல சந்தோஷமா இல்ல.

படி இறங்கும்போது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் கான்ட்ராக்ட்டையும் பையன் தன் பையில வெச்சுக்கிட்டான். பிரோஷர் என் மேஜையிலயே இருந்தது. மறந்துட்டாரா, வேணும்னே விட்டுட்டுப் போனாரான்னு தெரியல. கேட்டு வந்தா குடுக்கலாம்னு டிராயர்ல போட்டு வெச்சிருக்கேன்.

இது விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் இல்லைங்க. ஆன்சைட்ல ரெண்டு வருஷம் இருந்துட்டு அந்தச் சம்பளத்தை வெச்சு 20 வருஷ லோன் போட்டவங்க, ஒரு நல்ல வருஷ போனஸை நம்பி கார் வாங்கினவங்க, எல்லாருக்கும் ஒரே கேள்விதான். நீங்க இன்னைக்கு வாங்கற சம்பளத்துல எவ்ளோ சாப்பிடற நெல்லு, எவ்ளோ விதை நெல்லு? இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர்ல ரெண்டு கட்டம் போட்டுப் பிரிச்சு எழுதிப் பாருங்க.

அடுத்த வீடியோவுல 194ஜே, 44ஏ.டி.ஏ. குழப்பத்தை விளக்கமா பேசறேன். சந்திப்போம்!